மாமன் மடி

உக்காருங்க தம்பி, எடமிருக்குது. ஒரே ஒரு ஒத்தாசை மட்டும் பண்ணுங்க. நீங்க சன்னலோரம் போயிருங்க, நான் இந்தப் பக்கம் இருந்துக்கறேன். வெளியில இருந்து பாத்தா என்ற மூஞ்சி தெரியக்கூடாது. தப்பா நெனச்சுக்காதீங்க, நான் எதையும் திருடிக்கிட்டு வரலை. நெஞ்சுல சந்தனம், இடுப்புல புது வேட்டி, திருடப் போறவன் இப்பிடிச் சோடிச்சுக்கிட்டா போவான்? ஈரோட்டு வண்டிதானுங்களே இது? எப்ப எடுப்பாங்க? டிரைவர் டீக்கடையில நிக்கறாரு. ஒரு டீயை எத்தனை நேரந்தான் குடிப்பாரோ தெரியலை.

எங்க இருந்து வாரேங்கறீங்களா? காதுகுத்து விசேசத்துல இருந்து எந்திரிச்சு ஓடி வந்துட்டேன். பந்தியில இருந்து ஓடி வந்தாக்கூடப் பரவால்லை. தாய்மாமன்னு மனையில உக்கார வெச்சாங்க. புள்ளையை மடியில வெச்சாங்க. ஆசாரி ஒரு காதைக் குத்துனாரு. இன்னொரு காதைக் குத்தறதுக்குள்ள புள்ளையைக் கீழ எறக்கி வெச்சுப்போட்டு ஓடியாந்துட்டேன். எந்த ஊர்லயாச்சும் ஒரு மாமங்காரன் இப்பிடிப் பண்ணியிருப்பானா? வெக்கமா இருக்குது தம்பி. வெக்கத்துல மண்ணுக்குள்ள போயிரலாமாட்ட இருக்குது.

நெசமான தாய்மாமன் இல்லீங்க நான். புள்ளையோட அம்மா கோகிலவாணி, எங்க பண்ணாடி மக. பண்ணாடின்னா காட்டுக்காரங்க, முதலாளி. எங்கப்பன் காலத்துல இருந்து அவங்க காட்டுலதான் எங்களுக்குப் பண்ணையம், அவங்க ஊட்டுச் சோறுதான். என்ற பேரு வெள்ளையன். ஆளைப் பாத்துச் சிரிக்காதீங்க, பேரு வெச்சவன் நான் இல்லை.

வெள்ளையன்னா உங்களுக்குத் தெரியாது. செத்துப்போன புள்ளை உசுரோட வந்து ஒருத்தனைத் தூக்குல இருந்து எறக்குச்சுன்னு பேப்பர்ல எல்லாம் போட்டாங்களே, படிச்சீங்களா? அந்த ஒருத்தன் நான்தான். அட, நவுந்து உக்காராதீங்க தம்பி. கோர்ட்டே விட்டுருச்சு என்னை.

பண்ணாடி ஊட்டுக்குள்ள நான் போகக்கூடாது, அது வழக்கம். ஆனா காட்டுக்கு வந்துட்டா சின்னப்புள்ளையில கோகிலவாணி என்ற தோள் மேலதான். வளந்து பள்ளிக்கூடம் போறப்ப பண்ணாடி மொபட்டுல கொண்டுபோயி விடறது நான். அப்பறம் டைப்ரைட்டிங் கிளாசுக்கும் நான்தான். "வெள்ளையா, வெரசா ஓட்டு"ம்பா பின்னால உக்காந்துக்கிட்டு. பேரைச் சொல்லித்தான் கூப்புடுவா, நான் அம்மிணிம்பேன். எங்களைப் பண்ணாடி ஊட்டுப் புள்ளைக அப்பிடித்தானுங்க கூப்புடும். அதுல ஒரு மனத்தாங்கலும் இல்லை எனக்கு.

ஒரு நா காலையில, "டைப்ரைட்டிங்குக்கு வேண்டாம், பெரிய பஸ் ஸ்டாண்டுக்குப் போ"ன்னுச்சு. போனா அங்க தனபாலுன்னு ஒரு பையன், லாரிக்குக் கூண்டு கட்டற பட்டறையில வெல்டிங் வேலை பாக்கறவன், பையோட நிக்கறான். எந்தச் சாதின்னு கேக்காதீங்க, பண்ணாடிக்கு ஆகாத சாதி. "அப்பாகிட்டச் சொல்லமாட்டேன்னு கையில அடிச்சுச் சத்தியம் பண்ணு"ன்னு கையை நீட்டுச்சு. வெவரந் தெரிஞ்ச புள்ளையோட கையை நான் எப்பிடித் தொடறது? நின்னுக்கிட்டே இருந்தேன். அதுவே என்ற கையைப் புடிச்சுத் தன் கையில அடிச்சுக்கிட்டு, அவனோட கர்நாடகத்து ஊப்ளிக்குப் போற பஸ்ஸுல ஏறிப் போயிருச்சு.

பண்ணாடி ஒரு சத்தம் போடலீங்க. பெரிய மனுசன், அழுத்தமான ஆளு. எங்க பக்கம் ஒரு வழக்கம் இருக்குது. பொண்ணு ஓடிப்போனாத் தேடமாட்டாங்க. தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு, செத்தவங்களுக்குப் பண்ற காரியத்தைப் பண்ணிப்போடுவாங்க. படத்துக்கு மாலை, கருமாதி, மொட்டை, பந்தி, எல்லாம் உண்டு. ஓடிப்போச்சுன்னு தலை குனியறதுக்கு, செத்துப்போச்சுன்னு தலை நிமுந்துக்கலாம் பாருங்க. ஒறம்பரையெல்லாம் வந்து துக்கம் விசாரிச்சாங்க. எப்பிடிச் செத்துச்சுன்னு ஒருத்தர்கூடக் கேக்கலை. கேக்கறது மரியாதை இல்லை.

கண்ணீர் அஞ்சலின்னு போஸ்டர் அடிச்சாங்க. ஒட்டுனது யாருங்கறீங்க? நான்தான். பாவாயி, என்ற பொண்டாட்டி, மைதாப் பசை காச்சிக் குடுத்தா. ஊர் முக்குல, பால் சொசைட்டிச் செவுத்துல, பஸ் ஸ்டாப்புல எல்லாம் ஒட்டுனேன். அம்மிணி சிரிச்ச மூஞ்சியா இருக்கற போட்டோ. சுருக்கம் உழுகாம நீவி நீவி ஒட்டுனேன். பஸ் ஏத்தி விட்டவனும் நான், போஸ்டர் ஒட்டுனவனும் நான். உள்ளுக்குள்ள சிரிப்பாக்கூட இருந்துச்சு. கொஞ்ச நாள்ல கோவம் ஆறி, அம்மிணி ஒரு கொழந்தையோட வந்து நிக்கும், பண்ணாடி போஸ்டரைக் கிழிக்கச் சொல்லுவாங்க, அதையும் நான்தான் கிழிப்பேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

அதுக்குள்ள ஊருக்கு வெளியில, கல்லு வெட்டுன கல்லாங்குழியில ஒரு பொம்பளைப் புள்ளை எரிஞ்சு கெடந்துச்சு. மூஞ்சி தெரியலை. போலீசு வெளியூர்ல இருந்து வந்த ஆளுக. செவுத்துல போஸ்டரைப் பாத்தாங்க. "இந்தப் பொண்ணு எப்பிடிச் செத்துச்சு? எங்க எரிச்சீங்க?"ன்னு பண்ணாடியைக் கேட்டுருக்கறாங்க. என்ன சொல்லுவாங்க அவங்க? இல்லீங்க, ஓடிப்போச்சுங்க, அதுக்குத்தான் கருமாதி பண்ணினோமுங்கன்னு ஸ்டேசன்ல அத்தனை பேருக்கு முன்னால சொல்ல முடியுமுங்களா? காணாமப் போச்சுன்னு சொல்லிட்டாங்க. கருகுன கொலுசு ஒண்ணைக் காட்டி "இது உங்க பொண்ணுதா?"ன்னு கேட்டாங்களாம். இருக்கலாமுங்கன்னாங்களாம். "இருக்கலாம்னு எழுத முடியாது, ஆமாவா இல்லையா?"ன்னு அதட்டுனாங்களாம். ஆமாங்கன்னுட்டாங்க. மானஸ்தன் வேற என்ன சொல்லுவான், நீங்களே சொல்லுங்க.

மண்டையோட்டையும் போட்டோவையும் ஒண்ணா வெச்சுப் பாத்து, பொருந்துதுன்னு படிச்சவங்க எழுதிக் குடுத்துட்டாங்க. எலும்பை வாங்கி எரிச்சதும் பண்ணாடிதான். யார் பெத்த புள்ளையோ அது. அவ யாருன்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் கேக்கலை.

கடைசியா யாரோட போச்சுன்னு கேட்டாங்க. வெள்ளையன் மொபட்டுல கூட்டிக்கிட்டுப் போனான்னு டீக்கடையில சொன்னாங்க. "அவனைத்தான் கேக்கோணும்"னு பண்ணாடியும் சொன்னாங்க. அது பொய்யில்லையே தம்பி. நான்தானே கூட்டிக்கிட்டுப் போனேன்?

ஊருல யாராச்சும் வாயைத் தெறந்திருக்கலாமேங்கறீங்களா? அத்தனை பேருக்கும் அரசல் புரசலாத் தெரியும். வெளியாளுகிட்ட நம்ம ஊர்ப் பொண்ணு ஓடிப்போச்சுன்னு யாரு சொல்லுவாங்க? அடுத்த பொண்ணுகளுக்கு மாப்பிள்ளை வரோணுமில்ல.

ஸ்டேசன்ல நான் ஒண்ணும் சொல்லலை. சத்தியம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த வார்த்தை என்ற வாயில இருந்து வந்தா பண்ணாடி மானம் போயிருமே. எப்பிடியும் அவங்களே வருவாங்க, ஸ்டேசன் பெரிய அய்யாவைத் தனியாக் கூப்புட்டு, புள்ளை உசுரோடதான் இருக்குது, அவனை விடுங்கன்னு காதும் காதும் வெச்சாப்பல சொல்லிக் கூட்டிக்கிட்டுப் போவாங்கன்னு இருந்தேன். வந்தாங்க. எட்டத்துல நின்னு என்னைப் பாத்தாங்க. என்ற ஒடம்புல துணியில்லை அப்ப. நான் ஒரு கையால மறைச்சுக்கிட்டு மறு கையால கும்புட்டேன். துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டாங்க. அவங்களுக்கும் என்னை அந்தக் கோலத்துல பாக்கச் சங்கடமா இருந்திருக்கும்.

அதுக்கு மேல தாங்க முடியாம சொன்னேன். புள்ளை ஊப்ளியில இருக்குது, தனபாலு கூட இருக்குதுன்னு. யாரு நம்புவா? "பெத்த தகப்பன் செத்துப்போச்சுங்கறான், நீ கதை விடறயா?"ன்னாங்க. நெசத்தைச் சொன்னதுக்கு விழுந்த அடிதான் பெரிய அடி. பொய்யைச் சொன்ன பொறகுதான் அடி நின்னுச்சு.

என்ன பொய்யின்னு கேக்காதீங்க தம்பி.

கேக்கலைன்னாலும் சொல்றேன், இம்புட்டுத் தூரம் சொல்லிப்போட்டு அதை மட்டும் முழுங்கி என்னாகப் போகுது. கொன்னேன்னு சொன்னேன். அது பெருசில்லை, கொலை பண்ணினவன் எத்தனையோ பேரு ஊர்ல மீசையை முறுக்கிக்கிட்டுத் திரியறான். அதுக்கு முன்னாலயும் ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. தோள்ல தூக்கி வளத்த புள்ளையை நான்... அதையுஞ் சொன்னேன். அவங்க ஒவ்வொண்ணா எடுத்துக் குடுக்கக் குடுக்க, ஆமாங்க ஆமாங்கன்னேன். அப்பறம் ஒரு மாஜிஸ்ட்ரேட்டு முன்னால நிறுத்துனாங்க. நல்ல மனுசன். "நீயாத்தான் சொல்றியா, யாராச்சும் அடிச்சாங்களா?"ன்னு தன்மையாக் கேட்டாரு. கதவுக்கு வெளியில என்னை அடிச்ச ஏட்டோட பூட்ஸு தெரியுது. நானாத்தான் சொல்றேனுங்கன்னேன். அடிச்சது அவங்க கைதான் தம்பி. ஆனா சொன்ன வாயி என்றதுதானே?

செசன்ஸ் கோர்ட்டுல தூக்குன்னுட்டாங்க. ஜட்ஜய்யா இங்கிலீசுல படிச்சாரு, எனக்கு வெளங்கலை. கூட நின்ன போலீசுக்காரரு குனிஞ்சு சொன்னாரு, "உனக்குத் தூக்குய்யா"ன்னு. சரிங்கன்னேன். பாவாயி கோர்ட்டு வாசல்ல மண்ணை வாரித் தூத்துனாளாம்.

செயில்ல தனியாப் போட்டாங்க. பயமா இருந்துச்சான்னு எல்லாரும் கேக்கறாங்க. இருந்துச்சு, இல்லாம இருக்குமா. விடியறப்ப யாராச்சும் வேகமா நடந்து வந்தா எந்திரிச்சுச் செவுத்தோட ஒட்டி நின்னுக்குவேன். ஆனா பயம் வரும், போகும். அந்த வெக்கம் இருக்குது பாருங்க, அது சோத்துல கைய வெச்சாலும் கூட உக்காந்துக்கும். ஒரு தடவை பாவாயி பாக்க வந்தா. கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, எதை எதையோ பேசிப்போட்டு, "ஏனய்யா, நெசமாலுமே நீ அந்தப் புள்ளையை..."ன்னு இழுத்தா. இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரலை. அந்த வாயிலதானே ஆமாங்கன்னு சொல்லியிருந்தேன். அவ முந்தானையை இழுத்துப் போத்திக்கிட்டுப் போயிட்டா. அப்பறம் நெம்ப நாளைக்கு வரலை.

பாவம் ஓரிடம் பழி ஓரிடம்னு சும்மாவா சொன்னாங்க.

ஊப்ளியில தனபாலு பட்டறைக்கு நம்ம பக்கத்து லாரி ஒண்ணு போயிருக்குது. அந்த டிரைவர் பேச்சுவாக்குல, "எங்க ஊர்ப் பக்கம் பண்ணாடி மகளைக் கொன்ன பண்ணையத்தாளுக்குத் தூக்கு விழுந்துருச்சு"ன்னு சொல்ல, அம்மிணி சோத்துப் பாத்திரத்தைக் கீழ போட்டுச்சாம். பால்குடி மறக்காத புள்ளையை இடுப்புல வெச்சுக்கிட்டு நேரா வந்துருச்சு. வந்து ஊர்ல நின்னா, செத்த பொணம் வந்துருச்சுன்னு கதவைச் சாத்துனாங்களாம். அப்பறம் ஒரு வக்கீலைப் புடிச்சு மேல் கோர்ட்டுக்குப் போச்சு.

அரசாங்க வக்கீலு, இது வேற யாரோ பொம்பளை, சோடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்திருக்காங்கன்னாரு. பண்ணாடியையும் அவங்க சம்சாரம் பண்ணாடிச்சியையும் வரச்சொன்னாங்க. என்னையும் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாங்க. "இது யாரு?"ன்னு ஜட்ஜய்யா கேட்டாரு. பண்ணாடி அம்மிணியை ஏறெடுத்துக்கூடப் பாக்கலை. "என்ற பொண்ணு செத்துப்போச்சுங்க. இது யாருன்னு எனக்குத் தெரியாது"ன்னாங்க. அம்புட்டுப் பெரிய கோர்ட்டுல, கொரல் நடுங்காம. ஒரு தடவை தலை முழுகுனா முழுகுனதுதான் அவங்களுக்கு, வாக்கு மாறமாட்டாங்க. அதுல அவங்களை மெச்சத்தானுங்க வேணும்.

அப்பறம் பண்ணாடிச்சியைக் கேட்டாங்க. அந்தம்மா புருசனைப் பாத்துச்சு. ஜட்ஜய்யாவைப் பாத்துச்சு. அம்மிணி இடுப்புல இருந்த புள்ளை என்னமோ சிணுங்குச்சு. அந்தம்மா எந்திரிச்சுப் போயி, புள்ளையை வாங்கித் தன் இடுப்புல வெச்சுக்கிட்டு, "இவ நான் பெத்தவ. இது என்ற பேத்தி"ன்னு சொல்லிப்போட்டு அங்கயே உக்காந்துக்கிச்சு. பண்ணாடி அந்தம்மா கூடப் பேசறதை அன்னிக்கே நிறுத்திட்டாங்களாம்.

எனக்கு அப்ப சந்தோசம் வந்திருக்கோணுமில்ல? வரலீங்க. ஏன்னா அதுக்கு முன்னாலதான் நான் மாஜிஸ்ட்ரேட்டுகிட்டச் சொன்னதை முழுசாப் படிச்சிருந்தாங்க. தமிழ்ல. ஒரு வரி விடாம. அம்மிணி ரெண்டடி தள்ளி நின்னு கேட்டுக்கிட்டு இருந்துச்சு. பூமி பொளந்து என்னை முழுங்கிறாதான்னு நின்னேன். தூக்குல போட்டிருந்தாக்கூட அந்தப் புள்ளை காதுல அது விழுந்திருக்காது.

வெளிய வந்து ஒரு வருசமாகுது. மகன் ஊட்டுலதான் இருக்கறேன். நான் உள்ள போனப்பவே பண்ணாடி எங்க குடிசையைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. நியாயந்தானே, மகளைக் கொன்னவன் குடும்பத்தைக் காட்டுல வெச்சுக்குவாங்களா? அப்பறம் பண்ணாடிச்சி பாவாயிகிட்ட ஒண்ணு சொல்லியிருக்குது. போஸ்டர் ஒட்டுன அந்த வாரமே அம்மிணி ஊப்ளியில இருந்து போன் பண்ணுச்சாம். பண்ணாடிதான் எடுத்தாங்களாம். தப்பான நம்பர்னு வெச்சுட்டாங்களாம். பாவாயி அதைச் சொல்லிச் சொல்லிப் பல்லைக் கடிக்கறா. அது அவங்க ஊட்டுச் சமாச்சாரம், நமக்கென்ன தெரியும்னு நான் சொல்லிப்போட்டேன்.

எனக்கு அவங்க மேல இருக்கற மனத்தாங்கல் வேற. வெளிய வந்த மறுவாரமே காட்டுக்குப் போனேன், வேலை கேக்கலாம்னு. தண்ணி பாச்சிக்கிட்டு இருந்தாங்க. என்னைப் பாத்ததும் மம்பட்டியைப் போட்டுட்டு மோட்டார் ரூமுக்குள்ள போயிக் கதவைச் சாத்திக்கிட்டாங்க. வெயில் ஏறற வரைக்கும் வரப்புல நின்னேன். நான் என்னங்க பண்ணினேன்? கடைசி வரைக்கும் அவங்க மானத்தைக் காப்பாத்தலாம்னுதானே இருந்தேன்? ஒரு வார்த்தை, "வாடா வெள்ளையா"ன்னு ஒரு வார்த்தை கூப்புட்டுருக்கலாம்.

ஊட்டுல பேத்தி இருக்குது. என்கிட்ட ஓடி வரும். வந்தவொடனே மருமக சமையக்கட்டுல இருந்து, "பாப்பா, இங்க வா, தலை சீவோணும்"பா. ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் தலை சீவறது? மருமகளைக் குத்தஞ் சொல்லலீங்க. நெருப்பில்லாமப் பொகையுமான்னு ஊரு பேசுது, ஊர்வாயை மூட ஒலைமூடி இருக்குதா? நானே எந்திரிச்சு வெளிய போயிருவேன் புள்ளை வந்தா.

இப்பிடி இருக்கறப்பத்தான் போன மாசம் அம்மிணி தட்டத்தோட வந்து நிக்குது, வெத்தலை பாக்கு, பழம் எல்லாம் வெச்சு. இப்ப இந்த அந்தியூர்லயே தனபாலு பட்டறை வெச்சுட்டான். "புள்ளைக்குக் காது குத்தறோம்ணா. நீதான் மடியில வெச்சுக்கோணும்"னுச்சு. அண்ணாவாம். அதுக்குக் கூடப்பொறந்தவன் இல்லை, பங்காளிப் பசங்கெல்லாம் தலை முழுகிட்டாங்க, மாமன் மடி இல்லாம காது குத்தக்கூடாது, எல்லாம் சரி. அதுக்காக என்ற மடியா? என்ற மேல அந்தக் கேசு போட்டவங்க, அந்தப் பேப்பரைப் படிச்சவங்க எல்லாம் இருக்கற ஒலகத்துல, ஒரு பொட்டப்புள்ளையை என்ற மடியிலயா? வேண்டாமுங்க அம்மிணின்னு கால்ல விழாத கொறையாச் சொன்னேன். "நீ வரலைன்னா புள்ளை காது குத்தாமயே இருக்கட்டும்"னு சொல்லிப்போட்டுப் போயிருச்சு. பாவாயிதான், "போய்யா, ஒரு தடவை நாலு பேருக்கு முன்னால நிமுந்து உக்காரு"ன்னு புது வேட்டி எடுத்துக் குடுத்தா.

வந்தேன். சந்தனம் பூசுனாங்க, மாலை போட்டாங்க. எல்லாரும் பாக்கறாங்க. நான் தலை நிமுரலை. புள்ளையைக் கொண்டுவந்து மடியில வெச்சாங்க. பட்டுப்பாவாடை, மொட்டைத்தலை, கையில சீனி மிட்டாய். என்னைப் பாத்துச் சிரிக்குது. ஆசாரி பேனாவுல ரெண்டு காதுலயும் புள்ளி வெச்சாரு. "மாமங்காரரே, புள்ளை திமிரும். கையையும் காலையும் கெட்டியா அமுக்கிக்குங்க"ன்னாரு. அமுக்கிக்கிட்டேன் தம்பி. ஊசி எறங்குச்சு. வீல்னு கத்துச்சு. "விடு, விடு"ன்னு என்ற மூஞ்சியைப் பாத்துக் கத்துது.

மாஜிஸ்ட்ரேட்டு எழுதுன அந்தப் பேப்பர்ல அதேதான் இருந்துச்சு. கையையும் காலையும் அமுக்கிக்கொண்டேன், விடு விடு என்று கத்தினாள். என்ற வாயால சொன்னது, கோர்ட்டுல படிச்சது, ஒரு எழுத்து மாறலை. எனக்கு எங்க இருக்கறேன்னு தெரியலை. கையைப் பாத்தா புள்ளையோட மணிக்கட்டுல என்ற வெரல் தடம் செவசெவன்னு பதிஞ்சிருக்குது. எறக்கி வெச்சேன். மாலையைக் கழட்டிப் போட்டேன். ஓடியாந்துட்டேன். பின்னால யாரோ சிரிச்சாங்க. யாரோ, "பாத்தீங்களா"ன்னு சொன்னது காதுல விழுந்துச்சு.

டிரைவர் ஏறிட்டாரா? இல்லையா?

அய்யோ, தம்பி. அந்தக் கடைசி பஸ்ஸுகிட்டப் பாருங்க. பச்சைச் சேலை. புள்ளை இடுப்புல. அம்மிணியேதானுங்க. ஒவ்வொரு வண்டியா ஏறி ஏறி எறங்குது. நான் குனிஞ்சுக்கறேன். நீங்க இப்பிடிக் கொஞ்சம் மறைச்சுக்குங்க. கேட்டா யாருமில்லைன்னு சொல்லுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

...கும்புடறேனுங்க அம்மிணி.

இல்லீங்க, ஒண்ணுமில்லீங்க. தலை கிறுகிறுன்னு வந்துச்சு, அதான். மெதுவாப் பேசுங்க, பஸ்ஸே பாக்குது. அண்ணான்னு கூப்புடாதீங்க இத்தனை பேருக்கு முன்னால, இவங்கெல்லாம் உங்க ஊர்க்காரங்க. இல்லீங்க, நான் வரலை. ஆசாரி காத்துக்கிட்டிருந்தா இருக்கட்டும், தனபாலு மடியில வெச்சுக் குத்தச் சொல்லுங்க. புள்ளை பயந்துக்குச்சு அம்மிணி. கை செவந்து போச்சு பாருங்க, நான் புடிச்சதுல. காது கெடக்கட்டும் அம்மிணி, நான் சொன்னதை உங்க காதாலயே கேட்டீங்களே, கோர்ட்டுல நின்னு கேட்டீங்களே...

என்னங்க? கேட்டதுனாலதான் கூப்புட்டீங்களா?

வேண்டாம், அழாதீங்க. நீங்க அழுதா நான் என்ன பண்ணுவேன். அய்ய, புள்ளையை இங்க வெக்காதீங்க. மடியில வேண்டாம், சீட்டுல வையுங்க. அம்மிணி, எங்க போறீங்க? ஆசாரியைக் கூட்டிக்கிட்டு வாரீங்களா? சரிங்க, போங்க, புள்ளையைத் தூக்கிக்கிட்டுப் போங்க. அம்மிணி! புள்ளையை விட்டுப்போட்டு...

எறங்கிப் போயிருச்சு. திரும்பிக்கூடப் பாக்கலை.

தம்பி, நீங்க எங்க எந்திரிக்கறீங்க? எறங்காதீங்க சாமி. வண்டி போனா அடுத்த வண்டி வரும், உக்காருங்க. அழுத களைப்புல புள்ளை கண்ணு சொருகுது. அம்மிணி வர்ற வரைக்கும் என்ற கையைப் பாத்துக்கிட்டே இருங்க. ரெண்டையும் முன்சீட்டுக் கம்பி மேல வெச்சுக்கறேன், இந்தாங்க, எல்லாருக்கும் தெரியற மாதிரி வெச்சுக்கறேன். நாளைக்கு யாராச்சும் கேட்டா, நான் தொடலை, புள்ளையே தானாத்தான் என்ற மேல சாஞ்சுதுன்னு சொல்லிருங்க தம்பி.